பயிற்சியா, சட்டத் திருத்தமா? எதற்கு முதலிடம்?

கேள்வி: குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றை நடத்துகிறோம். ஆலோசகர்கள், காப்பகப் பணியாளர்கள், உதவித் தொலைபேசியில் அமர்பவர்கள் என்று பதினான்கு பேர் இருக்கிறோம். மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி மேல் பயிற்சி கொடுத்தாகிவிட்டது. காவல் நிலையத்தினரையும் மருத்துவமனைச் செவிலியர்களையும்கூட அழைத்து வகுப்பு நடத்தினோம். வகுப்பில் எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தபோது, எல்லாப் பயிற்சிக்கும் வந்த எங்கள் ஆலோசகரே, "குழந்தைகள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பியதை என் காதால் கேட்டேன். இதற்கிடையில், குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்துவதற்காக நாடாளுமன்றக் குழு ஒன்று அமைப்புகளிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. பயிற்சிக்குச் செலவழித்தது போதும், இனி சட்டத்தில் கவனம் செலுத்துவோம் என்கிறார்கள் நிர்வாகக் குழுவில் பாதிப் பேர். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, ஆட்கள்தான் சரியில்லை என்கிறார்கள் மீதிப் பேர். கையில் இருக்கும் நிதி ஒன்றுக்குத்தான் போதும். இரண்டு ஆலோசகர்கள் வேலையை விட்டுப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. காப்பகம் நடத்துகிறவர் அப்படி எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான். ஆகவே ஒரே நாட்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல், பல நாடுகளில் செய்து பார்த்தவற்றிலிருந்து சொல்கிறேன். உங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞர். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வாதாடுவதும், அவர்களைச் சந்திக்கும் ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பதும் என் வேலை. இரண்டையும் செய்கிறவளாகச் சொல்கிறேன்: உங்கள் நிதியைப் பயிற்சிக்கென்றும் சட்டத்துக்கென்றும் பிரிக்கத் தேவையில்லை. இன்ன நிலையில் ஒரு பெண் வந்தால் இன்ன பதவியில் இருப்பவர் இத்தனை மணி நேரத்துக்குள் இன்னதைச் செய்தாக வேண்டும் என்று எழுத்தில் இல்லாத இடத்தில், எந்தப் பயிற்சியும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காது. எழுத்தில் இருந்தும் அதைச் செய்ய ஆளும் பழக்கமும் இல்லாவிட்டால் சட்டம் அரசிதழோடு நின்றுவிடும். இரண்டுக்கும் வேண்டிய மூலப்பொருள் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுக் கோப்புகளைத்தான் சொல்கிறேன். அடுத்த பயிற்சி வகுப்பையும் நாடாளுமன்றக் குழுவுக்கான மனுவையும் அந்தக் கோப்புகளிலிருந்தே எழுதுங்கள்.

முதலில் அந்த ஆலோசகரைப் பற்றி. "அனுசரித்துப் போங்கள்" என்று அவர் சொன்னதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். நியாயம்தான். ஆனால் அது அறியாமையால் வந்த பேச்சு என்று நினைத்து இன்னொரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் ஒன்றும் நடக்காது. அவரைத் தனியாக உட்கார வைத்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? காப்பகத்தில் இடம் இருந்ததா? முந்தின வாரம் அவர் காவல் நிலையத்துக்கு அனுப்பிய பெண் புகாரே எழுதப்படாமல் திரும்பி வந்தாரா? அடிப்பவரைப் பெண்ணிடம் நெருங்க விடாமல் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றத்தில் போட்ட மனு எத்தனை வாய்தா கண்டது? கையில் கொடுக்க எதுவும் இல்லாத ஊழியர் அறிவுரையைத்தான் கொடுப்பார். எனக்குத் தெரிந்து நல்ல ஊழியர்கள் பலர் பழைய பல்லவிக்குத் திரும்பியது இப்படித்தான். அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதி வையுங்கள். உங்கள் மனுவுக்கு முதல் பத்தி கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் கணவன் அல்லது துணைவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கோ, வேறு ஒருவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கு உங்கள் மையத்தின் வாசலோடு நின்றுவிடாது. உங்கள் பெண் ஊழியர்களும் இதில் சேர்த்திதான். தன் வீட்டில் அனுசரித்துப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "வெளியே வா" என்று சொல்லத் தயங்குவது இயல்பு. இதை அவரிடம் துருவிக் கேட்காதீர்கள். ஊழியர் யாராவது அந்த நிலையில் இருந்தால் யாரிடம் ரகசியமாகச் சொல்லலாம், எத்தனை நாள் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கும், அவருடைய கோப்பை மையத்துக்குள் யார் பார்க்க முடியாது என்பதை மட்டும் எழுதிச் சுற்றறிக்கையாக விடுங்கள். பிலிப்பைன்ஸ் 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாதிக்கப்பட்ட பெண் ஊழியருக்கு 10 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தது. நியூசிலாந்து 2018இல் சட்டமியற்றி ஆண்டுக்கு 10 நாள் கொடுத்தது. பெண்களுக்காக உழைக்கும் அமைப்புகளிலேயே இந்த ஏற்பாடு இல்லாமல் இருப்பதைப் பார்த்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

இனி பயிற்சி. சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வைப்பதையும், "பாலினம் என்றால் என்ன" என்று காலை முழுவதும் பேசுவதையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊழியர்களுக்கு அவை ஏற்கெனவே தெரியும். தெரியாதது முதல் பத்து நிமிடம். வாசலில் பெண் நிற்கிறாள், பக்கத்தில் மாமியார் நிற்கிறார், இடுப்பில் குழந்தை இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நடித்துப் பழக வேண்டும்.

ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மாமியாராகவும் உட்காரட்டும். "நானும் கூட இருக்கிறேனே, என்ன ரகசியம்?" என்கிறார் மாமியார். ஊழியர் என்ன சொல்வார்? "யாராக இருந்தாலும் முதலில் தனியாகப் பேசுவதுதான் எங்கள் முறை அம்மா. நீங்கள் அந்த அறையில் உட்காருங்கள், பிறகு உங்களையும் கூப்பிடுகிறேன்" என்று முகம் மாறாமல், குரல் உயராமல் சொல்ல வர வேண்டும். இதைக் கேட்டால் எளிது என்று தோன்றும். சொல்லிப் பாருங்கள், முதல் தடவை வாய் குழறும். ஏழெட்டு முறை சொன்ன பிறகுதான் நிஜமான மாமியார் முன்னால் அது தானாக வரும். குழந்தையை யார் வைத்துக்கொள்வது, கதவு எந்த அளவு சாத்தியிருக்க வேண்டும், பெண்ணின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒத்திகையில் சேர வேண்டும்.

உள்ளே வந்த பிறகு செய்ய வேண்டியதை உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேட்டில் ஐந்து செயல்களாகச் சொல்லியிருக்கிறது: குறுக்கிடாமல் கேட்பது, அவளுடைய தேவையையும் கவலையையும் விசாரிப்பது, அவள் சொல்வதை நம்புகிறோம் என்று உணர்த்துவது, அவளுடைய பாதுகாப்பைக் கூட்டுவது, அடுத்த உதவியோடு இணைப்பது. மருத்துவப் பணியாளர்களுக்காக எழுதப்பட்டதானாலும் உங்கள் மையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அப்படியே பொருந்தும். இதில் "நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்ற கேள்விக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். "பிரிந்து வந்துவிடு" என்று சொல்வதற்கும் இடமில்லை. முடிவு அவளுடையது. பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் நாட்களும்தான் பல பெண்களுக்கு உயிராபத்து மிகுந்தவை. ஏற்பாடு எதுவும் செய்யாமல் பிரிந்து போகச் சொல்வது, அனுசரித்துப் போகச் சொல்வதைப் போலவே ஆபத்தானது.

கழுத்தைப் பற்றிய கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடித்தாரா என்று கேட்டால் பெண்கள் அறைந்ததையும் உதைத்ததையும் சொல்வார்கள். கழுத்தைப் பிடித்ததைப் பலர் சொல்வதில்லை. வெளியே காயம் தெரியாததால் அதை அடி என்றே எண்ணுவதில்லை. ஆகவே நேராகக் கேட்க வேண்டும்: எப்போதாவது கழுத்தில் கை வைத்து அழுத்தினாரா? துணியையோ கயிற்றையோ போட்டு இறுக்கினாரா? அப்போது மூச்சு முட்டியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பியதா, பிறகு குரல் கரகரத்ததா, விழுங்கும்போது வலித்ததா? கணவனோ துணைவனோ ஒரு தடவை கழுத்தை நெரித்த பெண், பின்னொரு நாள் அவன் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெளியே தடயம் இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே அண்மையில் நடந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆயுதம் வைத்திருக்கிறானா, கொன்றுவிடுவேன் என்று சொன்னானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, பின்தொடர்கிறானா என்ற கேள்விகளும் இதே வரிசையில் வரும். இப்படி ஆபத்தை அளக்கும் கேள்வித்தாளை 1980களிலேயே உருவாக்கியவர் ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர். நோயாளியின் பக்கத்தில் நின்று பழகியவர் என்பதால்தான் அவருக்கு அந்தக் கேள்விகள் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு எழுதுவது. உங்கள் கோப்புகளைத் திறந்தால், "கணவன் மனைவி தகராறு. இருவருக்கும் அறிவுரை கூறி அனுப்பப்பட்டது" என்ற வரியைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அந்த வரியை நான் பார்க்காத மையம் இல்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைக் காட்டி, சாதாரணச் சண்டை என்று உங்கள் மையமே பதிவு செய்திருக்கிறதே என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது. அதே நிகழ்வை இப்படி எழுதலாம்: "செவ்வாய் இரவு சுமார் பத்து மணிக்குக் கணவர் இரண்டு கைகளாலும் கழுத்தை அழுத்தியதாகவும், மூச்சு நின்று கண் இருண்டதாகவும் சொன்னார். 'இன்றைக்கு உன்னை முடித்துவிடுகிறேன்' என்று கணவர் சொன்னதாகக் கூறினார். இடது காதுக்குக் கீழே சிவந்த கோடு இருந்ததைப் பார்த்தேன். குரல் கம்மியிருந்தது." அவர் சொன்னது தனியாக, நாம் பார்த்தது தனியாக, அவருடைய சொற்கள் மேற்கோள் குறிக்குள். உடனே எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட வேண்டும். இதற்கு அரை நாள் பயிற்சி போதும். பழைய கோப்பு ஒன்றை எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, இது நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்று எல்லோரும் சேர்ந்து படித்துப் பாருங்கள். இதில் மட்டும் நிதியைத் தாராளமாகச் செலவிடுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்தே அழைக்கலாம்.

ஒரு நாள் கருத்தரங்குகளை நான் நம்புவதில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, 2017இல் தந்த 35ஆம் பொதுப் பரிந்துரையில், நீதித்துறை, காவல்துறை, மருத்துவத்துறை ஊழியர்களுக்கான பயிற்சி கட்டாயமாகவும் தொடர்ச்சியாகவும் பலன் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் மையத்தில் தொடர்ச்சி என்பது வாரந்தோறும் ஒரு மணி நேரம். மூத்தவர் ஒருவர் உட்கார, அந்த வாரம் வந்தவற்றில் கடினமான இரண்டு நேர்வுகளை எடுத்துப் பேச வேண்டும். யார் தவறு செய்தார்கள் என்று தேடுவதற்கு அல்ல. எங்கே தடுமாறினோம், எந்தக் கதவு திறக்கவில்லை என்று பார்ப்பதற்கு. கூட்டம் முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில் ஒரே வரி எழுதுங்கள்: இந்த வாரம் எந்த இடத்தில் சட்டம் கைகொடுக்கவில்லை? அந்தக் குறிப்பேடுதான் பின்னால் சட்டத் திருத்த மனுவாகும்.

வேலையை விட்டுப் போவதாகச் சொன்ன இருவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் வன்முறையைக் கேட்கிறவர்களுக்கு அது உடம்பில் ஏறும். தூக்கம் கெடும், சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடும், கடைசியில் எதிரே இருப்பவரின் கண்ணீர் எதையும் செய்யாது. "அனுசரித்துப் போங்கள்" என்பது சில சமயம் இந்தக் களைப்பிலிருந்து வரும் சொல்தான். வாராந்தரக் கூட்டம் பாதி மருந்து. மீதிப் பாதி, ஒருவரிடம் ஒரே நேரத்தில் எத்தனை பெண்களின் கோப்பு இருக்கலாம் என்று வரம்பு வைப்பதும், உதவித் தொலைபேசியில் தொடர்ந்து இரவுப் பணி போடாமல் இருப்பதும், ஒப்பந்தத்தை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்காமல் நிரந்தரம் செய்வதும். அனுபவம் உள்ள ஆலோசகர் போய்விட்டால் மூன்று ஆண்டுப் பயிற்சிச் செலவும் அவரோடு போய்விடும் என்பதை நிர்வாகக் குழுவிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தளவில் அருமையான சட்டம். பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பதவியை உருவாக்கி, அவர் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மனு வந்தால் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் அவ்வப்போது பயிற்சி அளிப்பதை அரசின் கடமையாக 11ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓராண்டுச் சிறை அல்லது 20,000 ரூபாய் அபராதம் வரை தண்டனைகூட உண்டு. ஆனால் எத்தனை பெண்களுக்கு ஒரு அலுவலர் என்று சொல்லவில்லை. அவர் முழுநேர அலுவலராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பல இடங்களில் வேறு பொறுப்புகள் நிறைந்த அதிகாரியின் தலையில் இது கூடுதல் பொறுப்பாக வந்து விழுந்தது. அலுவலர்களை நியமியுங்கள் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் மனுவில் இந்த ஓட்டையை அடைக்கும் வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும்: ஆள் எத்தனை, முழுநேரமா, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து. இஸ்தான்புல் உடன்படிக்கை என்று அறியப்படும் 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்பந்தம், போதிய நிதியையும் ஆட்களையும் ஒதுக்குவதைத் தன் 8ஆம் பிரிவிலும், ஊழியர் பயிற்சியை 15ஆம் பிரிவிலும் அரசின் கடமையாக்கியிருக்கிறது. மேற்கோள் காட்டப் பயன்படும்.

மலேசியா வேறொரு வழியில் போனது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, அவசரப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தைச் சமூக நல அதிகாரியின் கையிலேயே கொடுத்தது. நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த உத்தரவு ஏழு நாள் செல்லும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஏனென்றால் அந்த அதிகாரிக்கு முதல் பத்து நிமிடத்தில் கொடுக்க ஒன்று இருக்கிறது. கையில் அதிகாரம் இருப்பவருக்குக் கொடுக்கும் பயிற்சி வீணாவதும் இல்லை. நாளைக்கே உத்தரவு எழுத வேண்டியவர் கவனமாகத்தான் கேட்பார். ஆஸ்திரியா 1997இல் நடைமுறைப்படுத்திய சட்டம், அடித்தவனை வீட்டைவிட்டு உடனே வெளியேற்றும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. வெளியேற்றிய தகவலை உதவி மையத்துக்குக் காவல்துறையே தெரிவிக்கும். மையம் தானாக முன்வந்து அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளும். பெண்ணும் குழந்தைகளும் இரவோடு இரவாகத் துணிப்பையோடு ஓட வேண்டியதில்லை. உங்கள் காப்பகத்தில் இடம் போதவில்லை என்றால் கட்டில்களைக் கூட்டுவதற்கு முன் இந்த ஏற்பாட்டைக் கேளுங்கள்.

உத்தரவின் காலத்தையும் கவனியுங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு பாதுகாப்பு உத்தரவு 12 மாதங்களுக்கு மேல் செல்லாது. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு வரம்பு இருந்தால், முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேட்பது எளிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மையத்தில், முடியும் தேதிகளை எழுதிய பதிவேடு ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உத்தரவு காலாவதியானது தெரியாமல் நிம்மதியாக இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கக் கூடாததும் உண்டு. கருத்துக் கேட்பு என்றாலே பல அமைப்புகள் முதலில் எழுதுவது "தண்டனையைக் கடுமையாக்குங்கள்" என்பதைத்தான். கோபம் புரிகிறது. ஆனால் என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலானோர் கேட்பது, அடி நிற்க வேண்டும், வீட்டில் இருக்க இடம் வேண்டும், குழந்தை தன்னோடு இருக்க வேண்டும், மாதாமாதம் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதையே. சிறைத் தண்டனையை மட்டும் கூட்டினால், கணவன் ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று புகாரே கொடுக்காமல் ஒதுங்குகிறவர்கள் கூடுவார்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் உடனே கைது என்பதை வற்புறுத்துங்கள். அது பெண்ணைக் காக்கும். இன்னொன்று, காயத்தோடு வரும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அவள் விருப்பத்தைக் கேட்காமலே செவிலியர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி. நல்ல எண்ணத்தில் முன்வைக்கப்படுவதுதான். ஆனால் வயதுவந்த பெண்களின் விஷயத்தில் இந்தக் கட்டாயத்தை உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை. சொன்னால் போலீஸ் வரும் என்று தெரிந்தால் பெண் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். கட்டாயச் சமரசத்தையும் எதிர்த்து எழுதுங்கள். இஸ்தான்புல் உடன்படிக்கை 48ஆம் பிரிவில் அதைத் தடை செய்யவே சொல்கிறது. அடிப்பவனையும் அடிபட்டவளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால், அவள் என்ன பேச வேண்டும் என்பதை வீட்டிலேயே அவன் சொல்லி அனுப்பியிருப்பான்.

ஒரே ஒரு பெண்ணின் கோப்பு ஒரு நாட்டின் சட்டமான கதையும் இருக்கிறது. பிரேசிலில் மரியா டா பெனா என்ற பெண்ணை 1983இல் அவருடைய கணவர் தூங்கும்போது சுட்டார். உயிர் பிழைத்தார்; நடக்க முடியாமல் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அலட்சியத்துக்கு பிரேசில் அரசே பொறுப்பு என்று 2001இல் ஆணையம் சொன்னது. 2006இல் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டம் வந்தது. எந்தத் தேதியில் எந்த அலுவலகம் என்ன செய்யாமல் விட்டது என்று காட்ட முடிந்ததால்தான் அந்த முறையீடு நின்றது.

உங்கள் மனுவையும் அப்படி எழுதுங்கள். பொதுவான வேண்டுகோள்கள் ஆயிரம் வரும். குழுவினர் புரட்டிப் போட்டுவிடுவார்கள். கோப்புகளிலிருந்து பத்து நேர்வுகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் பெண் முதன்முதலில் உதவி கேட்ட நாள், உத்தரவு கிடைத்த நாள், இடையில் அவளைத் திருப்பி அனுப்பிய இடங்கள், அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே ஒரு வாசகம். சட்டவரைவில் "அரசு உரிய நடவடிக்கை எடுக்கும்" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடிக்கோடிட்டு, யார், எத்தனை மணி நேரத்துக்குள், செய்யாவிட்டால் என்ன என்று மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். வாசகமாகக் கொடுத்தால் எடுத்துச் சேர்ப்பது அவர்களுக்கு எளிது. ஒரு பெண் கொல்லப்பட்டால், அதற்கு முன் அவளைச் சந்தித்த எல்லாத் துறைகளும் உட்கார்ந்து எங்கே தவறியது என்று ஆராய வேண்டும் என்ற ஏற்பாடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

காவல் நிலையத்தினரை மறுபடி வகுப்புக்கு அழைக்க வேண்டாம். நிலையப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, நீங்கள் அனுப்பும் பெண்ணை யார் சந்திப்பார், புகாரின் நகலை எப்போது தருவார், இரவில் எந்த எண்ணில் அழைப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். செவிலியர்களிடமும் அப்படியே. தனியறையும் அனுப்பி வைக்க ஓர் இடமும் இல்லாத மருத்துவமனையில், வருகிற பெண்கள் எல்லோரிடமும் வன்முறை பற்றிக் கேட்கச் சொல்லாதீர்கள். கூட வந்தவர் காதில் விழுந்தால் வீட்டுக்குப் போன பிறகு அடி கூடும்.

நிதி தருகிறவர்களுக்கு இதுவரை எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று கணக்குக் கொடுத்திருப்பீர்கள். அடுத்த அறிக்கையில் வேறு மூன்று எண்களைக் கொடுங்கள்: வந்த பெண்களில் எத்தனை பேரிடம் தனியாகப் பேசினோம், எத்தனை பேருக்கு ஆபத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன, உத்தரவு கிடைக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆனது. முதல் இரண்டும் பயிற்சி பலித்ததா என்று காட்டும். மூன்றாவது சட்டத்தைக் காட்டும்.

மனுவின் வரைவைத் தயாரித்ததும் எனக்கு அனுப்பலாம், படித்துத் திருத்தித் தருகிறேன். அனுப்பும் முன் பெண்களின் பெயர், ஊர், வேலை செய்யும் இடம், குழந்தைகளின் பள்ளி, நீதிமன்ற வழக்கு எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். நேர்வைப் பயன்படுத்த அந்தப் பெண்ணிடம் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் அந்த நேர்வை விட்டுவிடுங்கள். அன்றைக்கு அனுசரித்துப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்ணை, அவளுக்குப் பாதுகாப்பான நேரத்தில், பாதுகாப்பான எண்ணில் இந்த வாரமே ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். கழுத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.